வெயிலுக்குப் பைக்கில் செய்யக்கூடாத வைத்தியங்கள்

மார்கழியில் நான்காவது கியரிலேயே கத்திபாரா மேம்பாலம் ஏறிய வண்டி, மே மாத மதியத்தில் மூன்றாவதுக்கு இறங்கச் சொல்லும். பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அன்றைக்கே மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போகிறோம் பாருங்கள், பாதிக் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

பெட்ரோல் எரிய ஆக்சிஜன் வேண்டும். சிலிண்டர் ஒரு தடவை இழுக்கும் காற்றின் கொள்ளளவு மாறாது. ஆனால் சூடானால் காற்று விரிந்து மெலிந்துபோகும், அதே கொள்ளளவில் ஆக்சிஜன் குறைந்துவிடும். இதோடு புழுக்கமும் சேர்ந்துகொள்கிறது. புழுக்கக் காற்று நமக்குத்தான் கனமாகத் தெரியும். உண்மையில் நீராவி, நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் விட லேசானது. அவற்றின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது.

காற்றழுத்தம் ஒன்றே என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்னையில் ஜனவரி காலை 22 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். அதோடு ஒப்பிட்டால், கடல்காற்று வருவதற்கு முந்தைய மே மதியத்தில் (40 டிகிரி, 30 சதவீதம்) ஆக்சிஜன் ஏறக்குறைய 6 சதவீதம் குறைவு. கடல்காற்று வந்து வெப்பம் 34 டிகிரிக்கு இறங்கி ஈரப்பதம் 70 சதவீதமானால்? அப்போதும் ஐந்தரை சதவீதம் குறைவுதான். நமக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். எஞ்சினுக்கு வித்தியாசமே தெரியாது. 8 குதிரைத்திறன் வண்டியில் இது சுமார் அரைக் குதிரை. மேம்பாலத்தில் ஒரு கியர் குறைக்க அது போதும். இதைப் பழுது என்று சொல்ல முடியாது.

இது தெரியாமல் நான் செய்த தப்பு, பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைத் திருகவிட்டது. என்னுடையது கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த பழைய 150 சி.சி. வண்டி. “அண்ணே, பிக்கப்பே இல்ல” என்றேன். “வெயில்ல ரிச்சா எரியுது தம்பி, கொஞ்சம் லீன் பண்ணிடலாம்” என்று முக்கால் சுற்றுத் திருகிக் கொடுத்தார். அவர் சொன்ன காரணம் சரி. காற்று மெலிந்ததற்கு ஏற்ப கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைப்பதில்லை, அதனால் கலவையில் பெட்ரோல் மிஞ்சி அது சற்றுக் கெட்டியாகத்தான் (ரிச்) ஆகும். தப்பு மருந்தில் இருந்தது. அந்த ஸ்க்ரூவின் ஆட்சி ஐட்லிங்கிலும் ஆக்சிலரேட்டரின் முதல் திருப்பத்திலும் மட்டும். மேடேறும்போது பெட்ரோல் கொடுப்பது கார்புரேட்டருக்குள் இருக்கும் மெயின் ஜெட்டும் ஊசியும். மறுநாள் விடிகாலை ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி நின்றது. ஆக்சிலரேட்டரை விட்டால் சைலன்சரில் பட்பட்டென்று வெடி. மதியச் சூட்டுக்கு வைத்த அளவு, காலைக் குளிரில் பெட்ரோல் போதாமல் போய்விட்டது. ஸ்க்ரூவைத் திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். கத்திபாராவில் இன்னமும் மூன்றாவது கியர்தான்.

கையை வைக்கும் முன் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எதையும் தொட வேண்டாம். கரி அப்பியிருந்தால் முதலில் ஏர் ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள், வெயிலை அப்புறம் பார்க்கலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்தான். காற்றின் சூட்டையும் அழுத்தத்தையும் சென்சார் பார்த்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். அதிலும் இழுவை குறையும், கலவை மட்டும் கெடாது.

காற்று நிறையப் போகட்டும் என்று ஃபில்டரையே கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் ஒரு வாரம் அப்படி ஓட்டினால் உள்ளே போவது உப்புத்தாள் மாதிரி தூசி. பிஸ்டன் ரிங் தேய்ந்தால் அதற்கு ஆகும் செலவைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது ஆயில். ‘வெயிலுக்கு கெட்டி ஆயில் ஊத்துங்க’ என்ற யோசனையை எல்லாக் கடையிலும் கேட்கலாம். 10 டபிள்யூ 30 போட வேண்டிய எஞ்சினில் 20 டபிள்யூ 50 ஊற்றினால், ஏற்கெனவே அரைக் குதிரை போன வண்டி அந்தக் கெட்டி ஆயிலைக் கடையவும் சேர்த்து உழைக்க வேண்டியிருக்கும். வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணே போதும். அதைவிட முக்கியம், வாரம் ஒருமுறை அளவு பார்ப்பது. காற்றில் குளிரும் எஞ்சினுக்கு ஆயிலும் ஒரு கூலன்ட் மாதிரி. வீட்டில் மிச்சமிருக்கும் கார் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் ப்ளேட் அதே ஆயிலில்தான் நனைகிறது. கார் ஆயிலில் உள்ள வழுக்கும் சேர்மானத்தால் கிளட்ச் நழுவும். டப்பாவில் ‘ஜேசோ எம்.ஏ.’ என்ற முத்திரை (ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதற்கான அடையாளம்) இருக்கிறதா என்று பாருங்கள்.

விலை கூடிய பிரீமியம் பெட்ரோல் நாக்கிங்கை (கலவை தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டுவதை) தடுக்கத்தான். நாக்கிங்கே இல்லாத 100 சி.சி. வண்டியில் அது இழுவையைக் கூட்டாது.

சிக்னலில் நிற்கும்போது எஞ்சின்மேல் காற்று படாது, சூடு ஏறிக்கொண்டே போகும். நீண்ட சிக்னல் என்றால் அணைத்துவிடுவது நல்லது. சூடு தணியட்டும் என்று தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். கொதிக்கும் உலோகம் சட்டென்று சுருங்கினால் விரிசல் விடலாம். அதற்குப் பதில், வண்டி ஆறியபின் சிலிண்டரைச் சுற்றியுள்ள துடுப்புகளைக் குனிந்து பாருங்கள். போன மழைக்காலத்துச் சேறு அங்கே ஓடுபோலக் காய்ந்திருக்கும். பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் நான் ஒருமுறை சுரண்டியபோது கை நிறைய மண் வந்தது. ரேடியேட்டர் உள்ள வண்டி என்றால், கூலன்ட் குறைந்த இடத்தில் போர் தண்ணீர் ஊற்றுவதுதான் பெரிய பாவம். உப்புப் படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும்.

வெயிலில் நிறுத்திய கார்புரேட்டர் வண்டி கிளம்பவில்லை என்றால், கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுக்காதீர்கள். சூட்டில் பெட்ரோல் ஆவி உள்ளே ஏற்கெனவே நிறைந்திருக்கும். ஆக்சிலரேட்டரைக் கால்வாசி திறந்து வைத்து உதையுங்கள். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் நிழலுக்குத் தள்ளிப்போய்ப் பத்து நிமிடம் விடுங்கள், பக்கத்தில் மோர் கிடைத்தால் நீங்களும் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வரலாம்.