புது பெயின்ட் வாசனை அடிக்கும் வீட்டைப் பார்க்கப் போகிறீர்களா?

26 வருஷமாக பெயின்ட் அடிக்கிறேன். விற்பதற்காகவே புதுப்பிக்கிற தனி வீடுகள் நிறைய என் கை வழியாகப் போயிருக்கின்றன. சுவரில் எதையெல்லாம் மறைக்கலாம் என்று தெரிந்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

பகலிலேயே போங்கள். ஆனால் கையில் ஒரு டார்ச் இருக்கட்டும். அதைச் சுவருக்கு நேராகப் பிடிக்காமல், சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி இருந்த சுவர் இப்போது மேடு பள்ளத்தையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். பட்டி பார்த்துத் தேய்த்த இடம், விரிசலை வெட்டி அடைத்த கோடு எல்லாம் நிழலாக விழும்.

இடுப்பு உயரத்துக்குக் கீழே நிதானமாகப் பாருங்கள். மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஓதம் பெரும்பாலும் 1 மீட்டருக்குள் நின்றுவிடும். அந்த உயரம் வரைக்கும் மட்டும் புதிதாக டைல்ஸோ பலகையோ பதித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். அழகுக்காகவும் இருக்கலாம், கேட்பதில் தப்பில்லை. ஒருமுறை ஒரு வீட்டுக்காரர் உப்புப் பூத்த சுவரைக் காட்டி, "இதுக்கு மேலேயே ரெண்டு கோட் அடிச்சிடுங்க, அடுத்த வாரம் ஆள் பார்க்க வர்றாங்க" என்றார். நகத்தால் சுரண்டினேன், பூச்சு மாவாகக் கொட்டியது. அடிக்க மாட்டேன் என்று வந்துவிட்டேன். வேறு யாராவது அடித்திருப்பார்கள். அப்படி அடித்த பெயின்ட் சில மாதத்தில் கொப்புளம் விடும். நீர் புகாத பெயின்ட் என்றால் இன்னும் மோசம். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரில் மேலே மேலே ஏறும்.

தலைமுடி அளவு விரிசலுக்குப் பயப்படாதீர்கள், அது பெரும்பாலும் பூச்சு காய்ந்ததில் வருவது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, வெளிச்சுவரிலும் அதே இடத்தில் தெரிந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கூரையில் கான்கிரீட் பெயர்ந்து ஒட்டுப்போட்டிருந்தாலும் அப்படித்தான். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பித்தான் கான்கிரீட்டைத் தள்ளியிருக்கும். துருவை எடுக்காமல் மேலே பூசி என்ன பிரயோஜனம்?

தண்ணீரைப் பொறுத்தவரை, எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் ஓடினால் எங்கோ ஒழுகுகிறது. குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது வடிகாலைத் தேடிப் போகிறதா, மூலையில் தேங்குகிறதா என்று பாருங்கள். டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் அடியில் கலவை பிடிக்கவில்லை. மின்சாரப் பெட்டியில் கசிவு மின்சாரத்தை நிறுத்தும் பிரேக்கர் இருந்தால், அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். உடனே விழ வேண்டும்.

அடுத்தது தெரு. "எல்லாம் நடக்கிற தூரம்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சாதாரண நடையில் நிமிஷத்துக்குச் சுமார் 80 மீட்டர் போகலாம், 5 நிமிஷம் என்றால் 400 மீட்டர். அது வரைபடத்துக் கணக்கு. நடுவில் ஒரு பெரிய சாலையைக் கடக்க நின்றால் அங்கேயே 2 நிமிஷம் போய்விடும். அதனால் ஒரு பையில் 5 கிலோ எடை வைத்துக்கொண்டு கடைக்கும் வீட்டுக்கும் நீங்களே நடந்து பாருங்கள். நடைபாதை எங்கே அறுந்துபோகிறது, எங்கே வண்டியை ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். ராத்திரி 9 மணிக்கு மேல் இன்னொரு முறை, மழை பெய்த மறுநாள் ஒரு முறை. கடைகள் பக்கத்தில் இருப்பதற்கு ஒரு விலை உண்டு: விடிகாலையில் சரக்கு இறக்கும் சத்தம். படுக்கையறை ஜன்னலைத் திறந்து வைத்துச் சற்று நேரம் பேசாமல் நில்லுங்கள்.

கடைசியாக, புதுப்பித்த வேலைக்கு வாங்கிய அனுமதியையும் பில்களையும் கேளுங்கள். சுவரை மூடுவதற்கு முன் எடுத்த போட்டோ இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்தவர் போனில் உடனே தேடிக் காட்டுவார். அதை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பைப்பும் வயரும் எந்த வழியாகப் போகின்றன என்று தெரியாமல் நாளைக்கு ஆணி அடிக்க முடியாது.