சிசேரியனுக்குப் பின் அடுத்த பிள்ளை: இடைவெளியைக் கணக்கிட்டுத் திட்டமிடும் முறை

முதற் பிள்ளையைச் சிசேரியன் மூலம் பெற்ற தாய்மார் மூவரிடம், அடுத்த பிள்ளைக்கு எவ்வளவு காலம் பொறுக்கச் சொன்னார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஒன்றரை வருடம் என்பார், மற்றவர் இரண்டு வருடம் என்பார், மூன்றாமவர் மூன்று வருடம் என்று அடித்துச் சொல்வார். மூவரும் சரியாகவே கேட்டிருக்கக் கூடும். கணக்கு எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்பதை அவர்களுக்கு யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

உலக சுகாதார அமைப்பு 2005ஆம் ஆண்டில் கூட்டிய நிபுணர் கலந்தாய்வு, உயிருடன் பிள்ளை பிறந்த நாளிலிருந்து அடுத்த கர்ப்பத்துக்கு முயலும் வரை குறைந்தது 24 மாதங்கள் விட வேண்டும் என்று பரிந்துரைத்தது. இதன்படி இரு பிள்ளைகளின் பிறந்த நாட்களுக்கிடையே ஏறத்தாழ 33 மாதங்கள் வந்துவிடும். "மூன்று வருடம்" என்பது இதுதான். கருப்பைத் தழும்பைப் பற்றிய ஆய்வுகளோ பெரும்பாலும் பிரசவத்திலிருந்து பிரசவம் வரை எண்ணுகின்றன. அந்த இடைவெளி 18 அல்லது 19 மாதங்களுக்குக் குறைந்தால், அடுத்த முறை பிரசவ வலி வரும்போது தழும்பு பிரியும் அபாயம் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை கூடுவதாக அவை காட்டுகின்றன.

ஒரு தாளை எடுத்துத் திகதிகளை எழுதினால் வேறுபாடு தெளிவாகும். பிள்ளை 2025 மார்ச் 10 அன்று பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். 24 மாதம் முடிவது 2027 மார்ச் 10. அதன் பின் கர்ப்பம் தரித்தால் பிரசவம் 2027 டிசம்பரை ஒட்டி வரும். பிரசவத்திலிருந்து எண்ணும் 18 மாதம் 2026 செப்டெம்பரில் முடிகிறது. அந்த மாதத்தில் இரண்டாவது பிள்ளை பிறப்பதென்றால் தாய் 2025 டிசம்பரிலேயே, மூத்த பிள்ளைக்கு ஒன்பது மாதம் ஆகும்போதே, கர்ப்பம் தரித்திருக்க வேண்டும். ஆகவே முதல் ஒன்பது மாதங்களைக் கட்டாயம் தவிர்க்க வேண்டிய காலமாகவும், 24 மாதத்தை இலக்காகவும் குறித்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட காலத்தில் முடிவெடுக்க நேர்ந்தால் விசேட வைத்திய நிபுணருடன் பேசி எடுக்கலாம். தழும்பு ஆறுவதற்கு மட்டுமன்றி, பிரசவத்திலும் பாலூட்டலிலும் கரைந்த இரும்புச்சத்து உடலில் மீண்டும் சேர்வதற்கும் இக்காலம் தேவைப்படுகிறது. மிகக் குறுகிய இடைவெளியில் பிறக்கும் பிள்ளைகளிடையே குறைமாதப் பிறப்பும் குறைந்த பிறப்பு நிறையும் கூடுதலாகக் காணப்படுகின்றன.

அடுத்து, பிரசவத்தின் பின் வீடு திரும்பும்போது வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் கார்டைத் தேடி எடுங்கள். வயிற்றின் மேற்தோலில் அடிவயிற்றுக்குக் குறுக்கே தழும்பு இருந்தால் உள்ளேயும் அப்படித்தான் என்று பலர் நம்புகிறார்கள். தோலில் வெட்டிய திசை கருப்பையில் வெட்டிய திசையைச் சொல்லாது. கார்டில் "எல்.எஸ்.சி.எஸ்" என்று இருந்தால் கருப்பையின் கீழ்ப்பகுதியில் வெட்டப்பட்டது என்று பொருள், வழமையானதும் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானதும் அதுவே. "கிளாசிக்கல்" (கருப்பையின் மேற்பகுதியில் நெடுக்காக வெட்டியது) என்றோ, வெட்டு மேல்நோக்கி நீட்டப்பட்டது என்றோ இருந்தால் அடுத்த பிரசவத்துக்கு வலி வரவிடுவது உகந்ததல்ல என்பதை இப்போதே அறிந்துகொள்ளலாம். சிசேரியன் ஏன் செய்யப்பட்டது, பின்னர் காய்ச்சலோ கடும் இரத்தப்போக்கோ இருந்ததா என்பவற்றையும் பாருங்கள். கார்ட் ஆங்கிலத்தில் இருக்கும், கையெழுத்து விளங்காது, கிளினிக்கில் சிங்களத்தில் வேகமாகப் பேசுவார்கள் என்பதெல்லாம் கொழும்பில் வாழும் தமிழ்த் தாய்மாருக்குப் பழகிப்போன சங்கடங்கள். கூச்சப்படாமல், மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிச்சென்று, வரி வரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கார்டைத் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். வெள்ளவத்தையிலிருந்து வத்தளைக்கு வீடு மாறும்போது முதலில் தொலைவது இந்தக் காகிதம்தான்.

இடைவெளியை முடிவு செய்யுமுன் மொத்தம் எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்பதைக் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சிசேரியனோடும் நச்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஏறுகிறது. நச்சுக்கொடி கீழே இறங்கியும் இருந்தால், இரண்டாவது சிசேரியனுக்கு வரும் தாய்மாரில் ஏறத்தாழ 11 வீதமானோருக்கும் மூன்றாவதற்கு வருபவர்களில் ஏறத்தாழ 40 வீதமானோருக்கும் அது அவ்வாறு ஒட்டியிருந்ததாக 2006இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. "கையோடு கையாகப் பெற்று முடித்துவிடு, பிறகு பார்க்கலாம்" என்று மாமி சொல்வது அன்பினால்தான். ஆனால் அவருடைய காலத்தில் சிசேரியன் இவ்வளவு பரவலாக இருக்கவில்லை.

இனி இடைவெளியைக் காக்கும் வழி. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் கர்ப்பம் நிற்காது என்ற நம்பிக்கையே திட்டங்களைக் கவிழ்ப்பதில் முதலிடம் பெறுகிறது. பிள்ளைக்கு ஆறு மாதம் நிரம்பாதிருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மாத்திரமே கொடுக்க வேண்டும், மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. இம்மூன்றும் ஒன்றாக இருக்கும் வரையிலேயே அது 98 வீதம் பாதுகாப்பளிக்கும். ஒன்று தவறினாலும் வேறு முறை வேண்டும். தாய்ப்பால் கொடுக்காதவருக்குப் பிரசவத்தின் பின் 21 நாட்களிலிருந்தே கருத்தடை தேவை.

கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான லூப்பைச் சிசேரியன் செய்யும்போதே வைக்கலாம். தவறினால் 48 மணித்தியாலத்துக்குள் அல்லது நான்கு வாரங்களுக்குப் பின் வைக்கலாம். செம்பு லூப் 10 வருடம் வரை வேலை செய்யும், கழற்றியதும் கருவுறும் தன்மை உடனே திரும்பும். மேற்கையில் தோலின் கீழ் வைக்கும் ஜடெல் குச்சிகள் 5 வருடத்துக்கானவை. அவையும் எடுத்தவுடன் வழிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியில் மட்டும் திகதிக் கணக்குச் சற்று வேறு. ஊசியை நிறுத்திய பின் கருவுறுதல் தாமதமாகும். கடைசி ஊசியிலிருந்து சராசரியாகப் பத்து மாதம் வரை எடுக்கலாம். ஆகவே 2027 மார்ச்சில் முயல விரும்புபவர் 2026இன் நடுப்பகுதியிலேயே ஊசியை நிறுத்துவது பற்றிப் பேசி, மிச்சக் காலத்துக்கு ஆணுறை பாவிப்பது நல்லது. சிலருக்கு முட்டை வெளியேற்றம் விரைவாகவும் திரும்பிவிடும். ஒஸ்ட்ரோஜென் கலந்த மாத்திரையைப் பாலூட்டும் தாய் முதல் ஆறு வாரத்தில் எடுக்கவே கூடாது, ஆறு மாதம் வரையும் பொதுவாகத் தவிர்க்கச் சொல்வார்கள். இவற்றையெல்லாம் உங்கள் பகுதி மிட்வைஃப்பிடமும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கிலும், மாநகர சபை எல்லைக்குள் இருப்பவர்கள் சபையின் தாய் சேய் நலக் கிளினிக்கிலும் கேட்கலாம். இதற்காகத் தனியார் வைத்தியசாலையில் யாரையும் சனல் பண்ணிக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

முயற்சிக்கு மூன்று மாதம் முன்பாக 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் தொடங்குங்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். முன்னைய கர்ப்பத்தில் சீனி இருந்திருந்தால் அது முற்றாக நீங்கியதா என்பதையும், பிரஷர் இருந்திருந்தால் அதையும் பரிசோதியுங்கள். ருபெல்லா தடுப்பூசி போட்டால் ஒரு மாதம் பொறுக்க வேண்டும்.

35 வயதைக் கடந்தவர்களுக்கு 24 மாதம் நீண்டதாகத் தோன்றும். வயது கூடக்கூடக் கருவுறும் வாய்ப்புக் குறைவதையும் தழும்பின் நிலையையும் சேர்த்து எடைபோட்டு, வைத்தியர் இதைக் குறைக்க இடமுண்டு. எதிர்பாராமல் முன்கூட்டியே கர்ப்பம் தரித்துவிட்டால் பதற்றத்தில் மருந்துக் கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். தழும்புள்ள கருப்பையில் அம்மாத்திரைகள் ஆபத்தானவை, மேலும் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின்படி தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பு இலங்கையில் குற்றம். குறுகிய இடைவெளியில் நின்ற கர்ப்பங்களிற் பெரும்பாலானவை நல்லபடியே முடிகின்றன; கண்காணிப்பு மட்டும் கூடுதலாக வேண்டும்.

எந்த இடைவெளியில் நின்றாலும், நாள் தள்ளியதும் மிட்வைஃப்பிடம் எட்டு வாரத்துக்குள் பதிந்து, கரு பழைய தழும்பில் ஒட்டவில்லை என்பதை ஆரம்ப ஸ்கேனில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே ஒரு கீழ்வெட்டு மட்டும் உள்ளவர்கள் சுகப்பிரசவத்துக்கு முயன்றால் 72 முதல் 75 வீதமானோருக்கு அது கைகூடுகிறது. தழும்பு பிரிவது ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு. மறு சிசேரியன் என்று முடிவானால் வழமையாக 39ஆம் வாரத்தை ஒட்டி நாள் குறிப்பார்கள். சுகப்பிரசவ முயற்சியை, இரவிலும் சத்திரசிகிச்சைக் கூடமும் இரத்தமும் தயாராக இருக்கும் இடத்தில் மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். 1879இல் தொடங்கிய டி சொய்சா மகளிர் வைத்தியசாலை, காசல் வீதி மகளிர் வைத்தியசாலை போன்றவை அத்தகையவை. வலிகளுக்கிடையிலும் விடாத வயிற்று நோவு, தழும்பில் திடீர் வேதனை, இரத்தப்போக்கு, பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், கணவர் வேலையால் வரட்டும் என்று காத்திராமல் 1990க்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸில் ஏறுங்கள், டயக்னோசிஸ் கார்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.