குதிகால் வலி: புதிதாக ஓடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓட ஆரம்பித்து நாலைந்து வாரம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் படுக்கையை விட்டு எழுந்து காலை ஊன்றினால், குதிகாலுக்கு அடியில் சுரீர் என்று குத்துகிறது. பத்து இருபது அடி நடந்ததும் குறைகிறது. ஷூ மாட்டி ஓடப் போனால் ஒரு கிலோமீட்டருக்குள் வலியே தெரியவில்லை. சரி, ஒன்றுமில்லை போல என்று அன்றைக்கும் முழுத் தூரத்தை ஓடிவிடுகிறோம். இதைவிடப் பெரிய தவறு இதில் இல்லை.

குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் கெட்டியான ஒரு நார்ப்பட்டை இருக்கிறது. பெயர் பிளான்டார் ஃபேஷியா. பழக்கமில்லாத சுமை தொடர்ந்து விழும்போது, எலும்போடு அது சேரும் இடம் நைந்துபோகிறது. உடம்பு சூடேறினால் வலி அடங்கும், நைந்தது ஆறியிருக்காது. அதனால் ஓடும்போது எப்படி இருந்தது என்பதை நம்பாதீர்கள். மறுநாள் காலை முதல் அடியைக் கேளுங்கள். முந்தைய நாளைவிட அதிகம் வலித்தால், நேற்று ஓடியது அதிகம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் இந்த அளவுகோலும் கையை விட்டுப் போய்விடும்.

பயந்துபோய் ஒரு மாதம் அடியோடு நிறுத்துபவர்களும் உண்டு. வலி போகும், கூடவே காலின் பலமும் போகும். திரும்பி வந்து பழைய தூரத்தையே ஓடினால் வலியும் திரும்பி வரும். தூரத்தைப் பாதியாக்குங்கள், நடையும் ஓட்டமுமாக மாற்றி மாற்றிப் போங்கள், நடுவில் சைக்கிளோ நீச்சலோ வைத்துக்கொள்ளுங்கள்.

கெண்டைக்காலை இழுத்துவிடுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அது நல்லதுதான், ஆனால் போதாது. அந்த நாருக்குப் பலமும் ஏற வேண்டும். ஒரு துண்டைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன்மேல் மடங்கி நிற்கும்படி பாதத்தின் முன்பகுதியை ஊன்றுங்கள். 3 விநாடியில் குதிகாலை உயர்த்தி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்குங்கள். 12 தடவை, 3 சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒற்றைக் காலில் முடியாவிட்டால் முதலில் இரண்டு காலிலும் செய்யலாம். பலன் தெரிய வாரங்கள் ஆகும், முழுக்க விடுபட மாதங்களும் ஆகலாம். தயவுசெய்து பத்து நாளில் கைவிட்டுவிடாதீர்கள்.

வீட்டுத் தரையைப் பலர் யோசிப்பதே இல்லை. வலி இருக்கும் வரை வெறுங்காலோடு கெட்டித் தரையில் நடக்க வேண்டாம். மெத்தென்ற செருப்பு போதும். நசுங்கித் தேய்ந்த ஷூவையும் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் எக்ஸ்ரே. எலும்பு முளைத்திருக்கிறது என்று கேட்டதும் பலருக்கு மனம் உடைந்துவிடுகிறது. வலியே இல்லாத பலருக்கும் அந்த முளை இருக்கும். ஸ்டீராய்டு ஊசியும் முதலிலேயே கேட்டு வாங்க வேண்டியது இல்லை. சில வாரம் வலியை அடக்கும், ஆனால் அந்த நாரே அறுந்துபோகும் அபாயம் கொஞ்சம் உண்டு.

எல்லாக் குதிகால் வலியும் இதுவல்ல. குதிகாலை இருபுறமும் அழுத்தினால் உயிர்போகிறதா? ஓடும்போது வலி ஏறிக்கொண்டே போகிறதா? எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். மரத்துப்போனாலும், வீங்கிச் சிவந்தாலும், படுத்திருக்கும்போதே இரவில் வலித்தாலும், திடீரென்று ஏதோ அறுந்ததுபோல் இருந்தாலும் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.