ஆன்லைன் லைப்ரரிய கிளாஸ்ல யூஸ் பண்றது எப்படி? ஒரே ஒரு மேப்ல இருந்து ஆரம்பிக்கலாம்

"போய் நெட்ல தேடிட்டு வாங்க"ன்னு சொன்னதுதான் நான் முதல் வருஷம் பண்ண பெரிய தப்பு. காலரா பத்தி எழுதச் சொன்னேன், மறுநாள் வந்த பேப்பர்ல பாதிக்கு மேல ஒரே பேரா, அதுல இருந்த எழுத்துப்பிழை உட்பட அப்படியே. பசங்கள திட்டி என்ன பண்றது, "காலரா பத்தி எழுதுக"ன்னு கேட்டா காப்பிதான் வரும், ஏன்னா அதுல கண்டுபிடிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே.

பசங்களே கேள்வி கேட்டு, தேடி, ஆதாரம் பாத்து பதிலுக்கு வர்ற முறைக்கு 'விசாரணை வழிக் கற்றல்'னு ஒரு பேர் வெச்சிருக்காங்க. கேட்டாலே போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வருது, அதனால நான் தேடிப் படிக்கறதுன்னே சொல்லிட்டுப் போறேன். இத இதுவரைக்கும் பண்ணிப் பாக்காத டீச்சர்ஸுக்காக எழுதறேன், பழகினவங்க ஸ்க்ரோல் பண்ணி மூணாவது படிக்குப் போயிடுங்க.

படி 1: லைப்ரரிக்குள்ள முதல்ல நீங்க போங்க

பசங்க கையில சர்ச் பாக்ஸ குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரே ஒரு பொருள எடுத்து வெச்சுக்கணும். ஒரு மேப், ஒரு பழைய போட்டோ, ஒரு லெட்டர், இல்ல ஒரு அட்டவணை. பத்து வேணாம், ஒண்ணு போதும்.

எங்க எடுக்கறது? மருத்துவ வரலாறுன்னா வெல்கம் கலெக்‌ஷன், செடி விலங்கு படங்கள்னா பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி, ஐரோப்பிய மியூசியம் பொருட்கள்னா யூரோப்பியானா, ஸ்கேன் பண்ண புத்தகம்னா இன்டர்நெட் ஆர்க்கைவ். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துல டீச்சர்ஸுக்குன்னே தனிப் பக்கம் இருக்கு. தமிழ்ல வேணும்னா 1998ல ஆரம்பிச்ச மதுரைத் திட்டம், 2005ல ஆரம்பிச்ச 'நூலகம்'ங்கற இலங்கைத் தமிழ் வெப்சைட் ரெண்டையும் பாருங்க. எல்லாமே இலவசம்தான்.

நான் எப்பவும் எடுக்கறது டாக்டர் ஜான் ஸ்னோ போட்ட காலரா மேப். 1854ல லண்டன் சோஹோ பகுதியில காலரா வந்தப்ப எந்தெந்த வீட்ல எத்தன பேர் செத்தாங்கன்னு கருப்புக் கோடா அடுக்கிக் காட்டியிருப்பார். விக்கிமீடியா காமன்ஸ்ல பெரிய சைஸ்லயே கிடைக்கும். முன்னாடி நாளே டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோங்க, கிளாஸ் நேரத்துல நெட் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

படி 2: தலைப்ப மறைச்சுட்டுக் காட்டுங்க

இது என்ன மேப்னு சொல்லவே கூடாது. நோட்டுல மூணு கட்டம் போடச் சொல்லுங்க: என்ன தெரியுது, என்னவா இருக்கும்னு தோணுது, என்ன கேக்கணும்னு இருக்கு. இது காங்கிரஸ் நூலகம் டீச்சர்ஸுக்குக் குடுக்கற முறைதான், நான் தமிழ்ல மாத்திக்கிட்டேன். முதல் கட்டத்துல கண்ணுக்குத் தெரியறது மட்டும்தான் வரணும். "நிறைய பேர் செத்திருக்காங்க"ன்னு ஒருத்தன் எழுதினா "அது எங்க எழுதியிருக்கு, காட்டு"ன்னு கேளுங்க, அவனே அத ரெண்டாவது கட்டத்துக்கு மாத்திடுவான். இந்த ஒரு பழக்கம் வந்துட்டாலே எனக்குப் பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

ஒரு அஞ்சு நிமிஷம் நீங்க வாயத் திறக்காம இருக்கணும். இதுதான் கஷ்டம், சத்தியமா. யாராவது ஒருத்தர் கண்டிப்பா "இங்க பம்புன்னு எழுதியிருக்கு மிஸ், கோடெல்லாம் அத சுத்தியே இருக்கு"ன்னு எழுந்திரிப்பாங்க.

படி 3: கேள்விய குவிய விடுங்க, அப்பறம் பிரிங்க

நாலு ரூல் போர்டுல எழுதிடுங்க. எவ்வளவு கேள்வி வருதோ எல்லாத்தையும் கேளு, நடுவுல நிறுத்தி பதில் சொல்லாத, நல்ல கேள்வி மொக்க கேள்வின்னு மார்க் போடாத, சொன்னத சொன்ன மாதிரியே எழுது. ரைட் கொஸ்டின் இன்ஸ்டிட்யூட்னு ஒரு அமைப்பு உருவாக்கின முறைல இருந்து எடுத்தது, அவங்க இன்னொண்ணும் சொல்வாங்க, யாராவது கருத்தா சொன்னா அதையும் கேள்வியா மாத்தி எழுதணும்.

அப்பறம் ஒரே வார்த்தைல பதில் வர்ற கேள்வி எது, தேடித்தான் ஆகணும்ங்கற கேள்வி எதுன்னு பிரிக்கச் சொல்லுங்க. "இது எந்த ஊரு?" முதல் வகை. "பம்புக்குப் பக்கத்துலயே இருந்தும் இந்த கட்டடத்துல மட்டும் ஏன் சாவு கம்மி?" இது ரெண்டாவது வகை, இந்த மாதிரி ஒண்ணு வந்துட்டா அத விடாதீங்க. ஒவ்வொரு குரூப்பும் ஒரு கேள்விய எடுத்துக்கணும், உங்களுக்குப் பிடிச்சத அவங்க தலைல கட்டாதீங்க.

படி 4: தேடறதுக்கு சொல்லிக் குடுங்க (இங்கதான் டைம் எடுத்துக்கணும்)

பசங்க முழு கேள்வியையும் அப்படியே டைப் பண்ணுவாங்க. கூகுள்ல அது ஓடும், லைப்ரரில பல நேரம் ஜீரோ ரிசல்ட்னு வரும், உடனே "இங்க ஒண்ணும் இல்ல மிஸ்"னு டேப மூடிடுவாங்க. அதனால கேள்வில இருந்து ரெண்டு மூணு பெயர்ச்சொல்ல மட்டும் பிச்சு எடுக்கச் சொல்லுங்க: ஸ்னோ, காலரா, பிராட் ஸ்ட்ரீட் (அந்த பம்பு இருந்த தெரு). இங்கிலீஷ் லைப்ரரில இங்கிலீஷ்லதான் அடிக்கணும்.

அடுத்தது, பழைய பேரு. நாம இன்னிக்கு சொல்ற வார்த்தைய அன்னிக்கு புத்தகம் போட்டவர் யூஸ் பண்ணியிருக்க மாட்டார். பழைய தமிழ்ப் புத்தகத்துல காலரான்னு தேடினா கம்மியா வரும், வாந்திபேதின்னு போட்டுப் பாருங்க, டிபிக்கு க்ஷயரோகம். தெரியற எல்லாப் பேரையும் தேடறதுக்கு முன்னாடியே லிஸ்ட் போட்டுட்டா பாதி அலைச்சல் மிச்சம்.

இன்டர்நெட் ஆர்க்கைவ்ல சர்ச் பாக்ஸுக்குக் கீழ ஒரு ஆப்ஷன் இருக்கும். சும்மா அடிச்சா புத்தகத்தோட பேரு, ஆசிரியர் மாதிரி விவரத்துல மட்டும் தேடும், உள்ள இருக்கற எழுத்துல தேடணும்னா அத மாத்தணும். அப்படியும் கிடைக்கலன்னா ஸ்கேன்ல எழுத்தத் தப்பா படிச்சிருக்கும், முக்கியமா பழைய லை, ணை எழுத்து இருக்கற தமிழ்ப் புத்தகங்கள்ல. அப்ப பொருளடக்கத்தப் பாத்துப் புரட்டறதுதான் வழி, புத்தகம்னா புரட்டத்தானே வேணும்.

இன்னொரு தந்திரம்: ஒரு நல்ல புத்தகம் மாட்டிடுச்சுன்னா அதோட பக்கத்துல சப்ஜெக்ட்னு சில வார்த்தை லிங்க்கா இருக்கும். அத கிளிக் பண்ணா அதே விஷயத்துல இருக்கற மத்ததெல்லாம் வரிசையா வந்து நிக்கும். நல்ல லைப்ரேரியன் ஒருத்தர் கையப் பிடிச்சு அலமாரிக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி.

இன்டர்நெட் ஆர்க்கைவ்ல இரவல் புத்தகத்துக்கு ஃப்ரீ அக்கவுன்ட் வேணும், பல புத்தகம் 1 மணி நேரத்துக்குத்தான் குடுப்பாங்க. கிளாஸ் நடுவுல டைம் முடிஞ்சு ஸ்க்ரீன் மூடிட்டா பதறாதீங்க, வேற யாரும் எடுக்கலன்னா திரும்ப எடுத்துக்கலாம். காப்பிரைட் முடிஞ்சதுக்கு இந்த தொல்லையே இல்ல.

படி 5: குழப்பம் வரும், விடுங்க

தேட ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே "ஒண்ணும் புரியல, வேற டாபிக் குடுங்க"ன்னு வருவாங்க. கரோல் குல்தாவ்னு ஒரு நூலகவியல் பேராசிரியர், பசங்க தேடும்போது மனசு எப்படி மாறுதுன்னு வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணவங்க, நடுவுல நம்பிக்கை இறங்கறது இயல்புன்னு சொல்லியிருக்காங்க. எனக்கு இது தெரியறதுக்கு முன்னாடி அந்த இடத்துல நானே பதில சொல்லிக் குடுத்துடுவேன், அதோட தேடல் செத்துடும். இப்பல்லாம் "இதுவரைக்கும் என்ன கிடைச்சுது, ரெண்டு வரி சொல்லு"ன்னு மட்டும் கேக்கறேன்.

படி 6: எங்க எடுத்தன்னு எழுது

லிங்க், தலைப்பு, யார் எழுதினது, எந்த வருஷம், உரிமை என்ன. அஞ்சு விவரம், அவ்வளவுதான். அட்ரஸ் பார்ல இருக்கற சர்ச் லிங்க் சில லைப்ரரில கொஞ்ச நேரத்துல செத்துப் போகும், அதனால ஷேர்னோ பெர்மாலிங்க்னோ (மாறாத லிங்க்) இருக்கறத காப்பி பண்ணுங்க.

படி 7: ரெண்டாவது ஆள் சொன்னத முதல் ஆள் கிட்ட கேளு

நெட்ல பெரும்பாலான இடத்துல கத இப்படி முடியும்: அந்த பம்பு தண்ணிலதான் காலரா பரவுதுன்னு ஸ்னோ சொன்னார், செப்டம்பர் 8ம் தேதி பம்போட கைப்பிடிய கழட்டினாங்க, காலரா நின்னுது. எல்லா குரூப்பும் இதத்தான் கொண்டு வரும். அப்ப ஸ்னோவே 1855ல எழுதின புத்தகத்த ஆர்க்கைவ்ல திறந்து அந்த இடத்த படிக்கச் சொல்லுங்க. கைப்பிடிய கழட்டறதுக்கு முன்னாடியே நோய் ரொம்ப குறைஞ்சுட்டுது, ஜனங்க ஊர விட்டு ஓடிட்டாங்க, அதனால அப்ப கிணத்துல காலரா விஷம் இன்னும் இருந்துதா, இல்ல தண்ணி ஏற்கனவே சரியாயிடுச்சான்னு முடிவு பண்ண முடியாதுன்னு அவரே எழுதி வெச்சிருக்கார். கிளாஸ் ஒரு நிமிஷம் அப்படியே அமைதியாயிடும்.

சாவு கம்மியா இருந்த கட்டடத்த எடுத்த குரூப்புக்கும் அங்கதான் பதில் கிடைக்கும். ஏழைங்கள வெச்சிருந்த விடுதில 535 பேர் இருந்தாங்க, செத்தது 5 பேர்தான், அங்க சொந்தமா கிணறு இருந்துது. பீர் ஆலைல 70 பேருக்கு மேல வேலை செஞ்சாங்க, ஒருத்தருக்கும் கடுமையா வரல, காரணம் அவங்க குடிச்சது அந்த பம்பு தண்ணி இல்ல. எட்டாவது பசங்களுக்கு பீர் கதைய எப்படி சொல்றதுங்கறது உங்க சாமர்த்தியம்.

படி 8: சின்னதா முடிங்க

பவர்பாயின்ட் வேணாம். ஒரு பக்கம் போதும்: முதல்ல கேட்ட கேள்வி என்ன, அது எங்க மாறிச்சு, எந்த ஆதாரம் மாத்திச்சு. மார்க்கையும் இதுக்கே போடுங்க, சரியான பதிலுக்கு மட்டும் போட்டா மறுபடியும் காப்பிதான் வரும்.

மொத்தமா நாலு பீரியட் ஆகும். அஞ்சாவது கிடைச்சா நான் இன்னொரு விஷயத்த எடுத்துப் போடுவேன்: சோஹோவுல இருந்து தள்ளி ஹாம்ப்ஸ்டெட்ல, அக்கம்பக்கம் யாருக்கும் காலரா இல்லாத இடத்துல, ஒரு வயசான அம்மா அதே வாரம் காலராவுல செத்துப் போனாங்க. காரணம் அதே புத்தகத்துல இருக்கு, பக்கம் நம்பர் மட்டும் சொல்ல மாட்டேன்.