உறையை அல்ல, பெல்ட்டை மாற்றியிருக்க வேண்டும்

உரிமம் பெற்று இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தொடங்கிய முதல் சில மாதங்கள் வேதனையாகவே கழிந்தன. குண்டுகள் நிரப்பிய என் கிளாக் 19 கைத்துப்பாக்கி ஏறத்தாழ 850 கிராம். மாலையானால் வலப்பக்க இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்து கன்றிப்போயிருக்கும். துப்பாக்கியைச் செருகும் உறைதான் காரணம் என்று நினைத்து மூன்று உறைகளை மாற்றிப் பார்த்தேன். வலி போகவில்லை.

கோளாறு பெல்ட்டில் இருந்தது. சாதாரணத் தோல் பெல்ட் எடை தாங்காமல் வெளிப்பக்கம் சாய்ந்தது. துப்பாக்கியின் கைப்பிடி சட்டையைத் தூக்கிக் காட்டியது. நானோ மேலும் மேலும் இறுக்கிக்கொண்டே இருந்தேன். ஒன்றரை அங்குல அகலத்தில், உள்ளே விறைப்பான பட்டை வைத்துத் தைத்த பெல்ட்டைக் கட்டியதும் எடை இடுப்பு முழுவதும் பரவிவிட்டது. அதில் துளைகள் கிடையாது, கால் கால் அங்குலமாக நகர்த்தி இறுக்கும் பற்கள்தான். உட்காரும்போது ஒரு பல் தளர்த்தினால் போதும். கால்சட்டையையும் இரண்டு அங்குலம் பெரிதாக எடுத்தேன். உறை உள்ளே போக இடம் வேண்டுமே!

உறையில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: சுடும் விசைப் பகுதியை அது முழுவதும் மூட வேண்டும். என் பழைய துணி உறையின் வாய், துப்பாக்கியை எடுத்ததும் சுருங்கிவிடும். திரும்பச் செருகும்போது மடிந்த விளிம்பு விசையில் சிக்கினால் குண்டு பாய்ந்துவிடும். அது புரிந்த அன்றே அந்த உறையைத் தூக்கி எறிந்தேன். இப்போது கைடெக்ஸ் என்ற விறைப்பான பிளாஸ்டிக் உறை; துப்பாக்கியின் கைப்பிடி சுமார் 15 டிகிரி முன்பக்கம் சாய்ந்திருக்கும். குண்டில்லாத துப்பாக்கியுடன் இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே அணிந்து, குனிந்து, உட்கார்ந்து பார்த்த பிறகே வெளியே கொண்டுபோனேன்.