வாடகை வீட்டில் கழற்றி வைக்கும் வடிவமைப்புச் சுவர்

சுங்கை சிப்புட்டில் நாங்கள் குடியிருப்பது வாடகை வீடு என்பதால் சுவரில் ஆணி அடிக்க இயலாது. கூடத்திலோ இரவில் பிள்ளைகள் படுக்க வேண்டும். ஆனால், ஒட்டுத்துணிப் போர்வைக்கு வெட்டிய துண்டுகளை நிமிர்த்தி வைத்து, சற்றுத் தள்ளி நின்று பார்த்தால்தான் எந்த நிறம் அடங்குகிறது, எது துருத்துகிறது என்பது தெளிவாகும்; அப்படி வைத்துப் பார்க்கும் பரப்பே வடிவமைப்புச் சுவர். வெறும் ஃபிளானல் என்னும் மெல்லிய பஞ்சுப் பரப்புத் துணியைத் தொங்கவிட்டால் மின்விசிறிக் காற்றில் அலைந்து துண்டுகள் உதிர்ந்துவிடும்.

ஆகவே, ஆறடி உயரமும் மூன்றடி அகலமும் ஓர் அங்குலத் தடிப்பும் கொண்ட இரண்டு பாலிஸ்டைரீன் (எடை குறைந்த நுரைப் பிளாஸ்டிக்) பலகைகளை வாங்கினேன். 44 அங்குல அகல ஃபிளானலை அவற்றின்மேல் இழுத்துப் போர்த்தினால், விளிம்பைச் சுற்றிய பிறகும் பக்கத்துக்கு மூன்று அங்குலம் பின்னால் மடியும். கரைப்பான் கலந்த பசை பாலிஸ்டைரீனை அரித்துவிடும். அதனால் குண்டூசிகளைச் சாய்வாகக் குத்தி, அவற்றின்மேல் துணிநாடா ஒட்டினேன். பலகையைச் சற்றே பின்சாய்த்து வைத்தால், ஃபிளானலின் மெல்லிய பஞ்சுப் பரப்பு பருத்தித் துண்டுகளை ஊசியின்றியே பற்றிக்கொள்கிறது. துண்டுகளை இணைத்துத் தைத்து முடித்த கனமான கட்டங்களுக்கு மட்டும் மேல்முனையில் ஓர் ஊசி தேவை.

இரவில் இரு பலகைகளையும் முகத்தோடு முகம் சேர்த்து அலமாரிக்குப் பின்னால் செருகிவிடுகிறேன். அடுக்கிய வரிசை குலைவதில்லை. மழைக்காலத்தில் மட்டும், ஈரம் கசியும் சுவரை ஒட்டி வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; ஃபிளானலில் பூஞ்சை எளிதில் பிடித்துவிடும்.