ரெட்ரோ வந்தால் பழைய ஷூவின் விலை விழுமா? சேகரிப்பவர்கள் செய்யும் தவறுகள்

2023 ஐப்பசி. மழை விட்ட ஒரு சாயங்காலம், காட்பாடியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் ஒரு தம்பி ஆம்பூருக்கு என்னைத் தேடி வந்தான். கையில் ஒரு ஷூ பெட்டி. உள்ளே கறுப்பும் சிவப்புமாக, கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் பெயரில் நைக்கி கம்பெனி விட்ட ஏர் ஜோர்டான் 4, சேகரிப்பவர்கள் ‘பிரெட்’ என்று கூப்பிடுகிற நிறம். யாரிடமோ செகண்ட் ஹேண்டில் வாங்கியது. “1989 ஒரிஜினல் அண்ணா. அதே மாடல் திரும்ப வருதாம். விலை விழறதுக்குள்ள வித்துடவா?”

எனக்கு ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங் வேலை. எங்கள் ஊரில் தயாராவது பெரும்பாலும் வெளிநாட்டு பிராண்டுகளுக்கான தோல் ஷூ. ஸ்னீக்கர் பைத்தியம் எனக்குத் தனியாகப் பிடித்தது. பெட்டியைத் திறந்ததும் பழக்கதோஷத்தில் குதிகால் பக்கம் மிட்சோலை, அதாவது மேல்பாகத்துக்கும் அடித்தட்டுக்கும் நடுவே இருக்கும் மெத்தைப் பகுதியை, கட்டைவிரலால் அழுத்தினேன். பெயின்ட் விரிசல் விட்டு, உள்ளேயிருந்து பொடி உதிர்ந்து மேஜை மேல் விழுந்தது. “இன்னாண்ணா இது, மாவு மாதிரி கொட்டுது?” என்றான். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பந்தோடு எகிறும் ஆள் உருவம் இருந்தது. 1989 ஜோடியில் அந்த இடத்தில் ‘நைக்கி ஏர்’ என்ற எழுத்துதான் இருக்கும். உள்ளே சைஸ் லேபிளில் தயாரிப்புத் தேதி 2012 என்று பளிச்சென்று தெரிந்தது.

அவனுடைய பயம் வீண் இல்லை. ஆனால் பயப்பட வேண்டிய காரணம் அவன் நினைத்தது இல்லை.

ரெட்ரோ என்றால் பழைய மாடலை அதே கம்பெனி மறுபடி தயாரித்து விடுவது. இந்தக் கறுப்பு-சிவப்பு ஜோர்டான் 4 முதலில் வந்தது 1989இல். அப்புறம் 1999, 2008, 2012, 2019 என்று வந்துகொண்டே இருந்தது. 2024 பிப்ரவரியில் இன்னொன்று. இத்தனையையும் ‘பழசு’, ‘புதுசு’ என்று இரண்டே கூடையில் போட்டுவிடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

வாங்குகிறவர்களைக் கவனித்தால் இரண்டு வகை தெரியும். ஒருவர் காலில் போட வாங்குகிறார். அந்த நிறமும் வடிவமும் கிடைத்தால் போதும், எந்த வருஷம் என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். இன்னொருவர் அந்த வருஷத்தையே வாங்குகிறார். புது ரெட்ரோ வரும்போது முதல் ஆள் கடைக்குப் போய்விடுவார். இரண்டாம் ஆள் அசைய மாட்டார். இப்போது 2012 ஜோடியை வைத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். அவருக்குக் கிராக்கி கொடுத்துக்கொண்டிருந்தது முதல் வகை ஆள். 2019 ரெட்ரோவில் குதிகாலில் பழையபடி ‘நைக்கி ஏர்’ எழுத்தே திரும்பி வந்துவிட்டது. பார்க்க 1989க்கு இன்னும் நெருக்கம், சோலும் புதுசு. அப்புறம் 2012ஐ யார் கூடுதல் விலை கொடுத்து வாங்குவார்? அடி விழுவது முதல் பதிப்பின் மேல் இல்லை, நடுவில் வந்த ரெட்ரோவின் மேல்.

ஆரணிப் பக்கம் தெருவில் ‘பழைய பட்டுப் புடவை இருக்கா’ என்று கேட்டு வருபவரைப் பார்த்திருப்பீர்கள். டிசைனை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், ஜரிகையைத்தான் உரசிப் பார்ப்பார். அதே டிசைனில் புதுப்புடவை ஆயிரம் வந்தாலும் அவர் சொல்லும் விலை மாறாது. முதல் பதிப்பு ஷூவும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான்.

அதனால் ரெட்ரோ செய்தி கேட்டதும் பதறி விற்பது எல்லோருக்கும் பொருந்தாது. கையில் நிஜமாகவே 1985 ஏர் ஜோர்டான் 1 இருந்தால், ரெட்ரோ அதற்கு இலவச விளம்பரம் மாதிரி. 2022 நவம்பரில் அந்த 1985 சிகாகோ நிறத்தை (வெள்ளை, சிவப்பு, கறுப்பு) ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்ற பெயரில் விட்டார்கள். பழைய கடையின் மூலையில் கிடந்து கண்டெடுத்தது மாதிரி, காலர் தோலில் வெடிப்பு, மிட்சோலில் மஞ்சள் எல்லாவற்றையும் வேண்டுமென்றே செய்து கொடுத்தார்கள். எங்கள் செக்கிங் டேபிளில் அப்படி ஒரு ஜோடி வந்தால் ரிஜெக்ட் செய்து ஓரமாகத் தூக்கிப் போட்டிருப்போம்! நிஜமான பழசைக் கண்டால் ஆசை வருகிறவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இதே சிகாகோவின் 2015 ரெட்ரோவை முதலீடாக வாங்கி அடுக்கியவர்களுக்கு அந்த நவம்பர் அவ்வளவு இனித்திருக்காது.

இந்தக் கணக்குக்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. ஜோர்டான் 1 முதன்முதலில் ரெட்ரோவாக வந்தது 1994இல். அன்றைக்குப் பழைய மாடலைக் காசு கொடுத்து வாங்க ஆள் இல்லை, தள்ளுபடியில் தள்ளிவிட்டார்கள். வாங்கினவர்களும் பத்திரப்படுத்தவில்லை, போட்டுத் தேய்த்தார்கள். இன்றைக்கு அந்த 1994 ஜோடியையே தேடுகிறார்கள். எல்லோரும் பெட்டியில் பூட்டி வைக்கிற இந்தக் கால ரெட்ரோவுக்கு அந்த அதிர்ஷ்டம் வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இனி, காட்பாடித் தம்பியின் ஷூவிலிருந்து என் மேஜையில் கொட்டிய மாவு. இதில்தான் நம் பக்கத்து ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஜோர்டான் 3, 4, 5, 6 இவற்றின் மிட்சோல் பாலியூரித்தேன் நுரை. காற்றில் இருக்கும் ஈரம் அதோடு வினை புரிந்து, கொஞ்சம் கொஞ்சமாக அதன் பிணைப்பை அறுத்துவிடும். சூடு கூடக்கூட வேகமும் கூடும். சித்திரையில் வேலூர் வெயிலும், ஐப்பசி கார்த்திகையில் மழை ஈரமும் மாறி மாறி அடிக்கிற ஊரில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரணில் பெட்டியைப் போட்டு வைத்தால் என்ன ஆகும்? பத்துப் பதினைந்து வருஷத்தில், ஒருநாள்கூடப் போடாத ஷூ முதல் நடையிலேயே பொலபொலவென்று உதிரும். சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டால் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அவ்வப்போது போட்டு நடந்த ஜோடி, பூட்டி வைத்ததைவிட அதிக நாள் தாங்குவதும் உண்டு.

ஜோர்டான் 1க்கு இந்தத் தொல்லை கிடையாது. அதன் அடிப்பாகம் ரப்பர் கப்சோல், அதாவது கிண்ணம் மாதிரி வார்த்தது; அப்பரோடு (ஷூவின் மேல்பாகம்) சேர்த்துத் தைத்தது. 1985 ஜோடி இன்றும் முழுசாக நிற்பதும், 1989 ஜோர்டான் 4ஐக் காலில் போட முடியாமல் கண்ணாடிக்குள் மட்டும் வைக்க முடிவதும் இந்த ஒரு வித்தியாசத்தால்தான். எந்த மாடல் என்று பார்க்காமல் ‘பழசு என்றால் விலை ஏறும்’ என்று வாங்குபவர் இதையும் சேர்த்து வாங்குகிறார்.

இங்கேதான் ரெட்ரோ இன்னொரு வேலையும் செய்கிறது. சோல் உதிர்ந்த பழைய ஜோடிக்கு, பின்னால் வந்த ரெட்ரோவின் சோலைக் கழற்றி ஒட்டுவார்கள். ‘சோல் ஸ்வாப்’ என்று பெயர். போட்டு நடக்க ஆசைப்படுபவருக்கு நல்ல வழி. ஆனால் மாற்றிய பிறகு அது முழு ஒரிஜினல் இல்லை. விற்கும்போது சொல்லாமல் மறைத்தால் அது மோசடி. தெருமுனைக் கடையில் சொல்யூஷன் தடவி ஒட்டினதா, பிரைமர் அடித்துச் சூடு காட்டி அழுத்தினதா என்பது, அப்பரும் சோலும் சேரும் கோட்டைப் பார்த்தாலே பழகின கண்ணுக்குத் தெரிந்துவிடும். கழற்றின பழைய சோலையும் தூக்கிப் போடாதீர்கள், பெட்டியோடு வையுங்கள்.

புதுசு மாதிரி ஆக்குகிறேன் என்று பெயின்ட் அடிப்பது இன்னொரு வினை. புது ரெட்ரோவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பழைய ஜோடி மங்கலாகத்தான் தெரியும். உடனே மஞ்சளை வெளுக்க வைப்பார்கள், வெடிப்பை அடைப்பார்கள். அந்த மங்கல்தான் அதன் பிறப்புச் சான்றிதழ். மெட்டீரியலும் அப்படித்தான். 1989 கறுப்பு ஜோடியின் அப்பர் நூபக் (வெல்வெட் மாதிரி தேய்த்த தோல்) போலத் தோன்றும் செயற்கைப் பொருள். பிற்பாடு வந்த ரெட்ரோக்களில் நூபக் வந்தது, 2024இல் வழவழ லெதர். தோல் ஊர்க்காரனாகச் சொன்னால் 2024 லெதர் கைக்கு நன்றாகவே இருக்கிறது. அதற்காக எல்லாம் ஒன்று என்று ஆகிவிடாது. வருஷத்தைக் கண்டுபிடிக்க விரல் நுனியே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஏலச் செய்தியைப் பார்த்துத் தன் ஜோடிக்கு விலை வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 மே மாதம் சதபீஸ் என்ற ஏல நிறுவனத்தில் 1985 ஜோர்டான் 1 ஒன்று 5,60,000 டாலருக்குப் போனது. 2023 ஏப்ரலில் ஒரு ஜோர்டான் 13 ஜோடி 22 லட்சம் டாலர். இரண்டும் மைக்கேல் ஜோர்டான் ஆட்டத்தில் போட்டு ஓடிய ஷூக்கள். 1985இல் கடையில் 65 டாலருக்கு விற்ற ஜோடியின் கணக்கு வேறு. ஆப்பில் யாரோ போட்டிருக்கும் விலையும் கேட்கிற விலைதானே தவிர, விற்ற விலை இல்லை. விற்று முடிந்தவற்றை மட்டும், அதே வருஷம், அதே சைஸ், அதே நிலை என்று பாருங்கள். அதுவும் ரெட்ரோ வந்த வாரத்தில் பார்க்காதீர்கள், அந்த வாரம் எல்லோருக்கும் காய்ச்சல்.

அப்புறம், ‘ஆம்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ என்று சொல்லி ரெட்ரோ ஜோர்டான் விற்பவர்கள். ஒரு புது ரெட்ரோ வந்தால் அடுத்த மாதமே அதன் போலியும் வரும், அதற்கு எங்கள் ஊர்ப் பெயரும் ஒட்டிக்கொள்ளும். சர்ப்ளஸ் என்று சொன்னால் பில் கேளுங்கள். லேபிளில் இருக்கும் ஸ்டைல் கோடும் (மாடலையும் நிறத்தையும் குறிக்கும் எண்) பெட்டியில் இருக்கும் கோடும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தாலும் நல்லதுதான் என்று அர்த்தமில்லை. வேறாக இருந்தால் மட்டும் மறுபேச்சு வேண்டாம்.

தம்பி அந்த 2012 ஜோடியை விற்கவில்லை. விற்கவும் முடியாது, சோல்தான் பாதி என் மேஜை மேல் இருந்ததே. தனக்கு விற்றவரிடம் கேட்டானாம், “நான் எப்போ 89ன்னு சொன்னேன்?” என்று பதில் வந்ததாம். இப்போது அதே சைஸில் தேய்ந்த 2019 ஜோடி ஒன்றை மலிவாகத் தேடிக்கொண்டிருக்கிறான். கிடைத்தால் சோலைக் கழற்றி மாற்றித் தருவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவனுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.